மோட்டார் வண்டியின் மெருகும் பாலிஷ் தேர்ந்தெடுக்கும் முறையும்

புதிய மோட்டார் காரின் பக்கத்தில் நிற்பவரின் முகம் அதன் மேற்பரப்பில், நிலைக்கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் அதே காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் முகம் மங்கலாகிறது. சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போன்ற மெல்லிய வட்டக் கோடுகள் தோன்றுகின்றன. வர்ணம் வெளுத்துவிட்டது என்று பலரும் கருதுவர். பெரும்பாலும் வர்ணம் வெளுப்பதில்லை; அதன்மேல் உள்ள நிறமற்ற பூச்சில் கீறல்கள் விழுந்திருக்கின்றன, அவ்வளவே.

இக்காலத்துக் காரின் பூச்சு ஒரே அடுக்கு அன்று. எஃகுத் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. அதன்மேல் மேடுபள்ளங்களைச் சமன் செய்யும் பூச்சு. பிறகு நிறம் தரும் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி போன்று தெளிந்த ‘கிளியர் கோட்’. இவை நான்கும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செய்தித்தாளின் இரண்டு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய இந்தக் கனம் வரும். அதிலும் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரைதான். பாலிஷ் போடுவது என்றால் இந்த மேலடுக்கில் ஒரு சிறு பகுதியை அறுத்து எடுப்பது என்றே பொருள். எடுத்ததை மறுபடியும் வைக்க முடியாது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்களும் இவ்வடுக்கிலேயே கலந்துள்ளன. ஆகவே ஆண்டுதோறும் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி ‘ரப்பிங்’ செய்விப்பவர், பளபளப்பை வாங்குவதாக எண்ணி அதன் காப்பையே செலவழிக்கிறார்.

முற்காலத்தில் நிலைமை வேறு. 1923-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ‘டூக்கோ’ என்னும் பெயரில் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரை வெளியிட்டது. விரைவில் உலரும் அப்பூச்சின் பெயர் நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றும் வழங்குகிறது. அத்தகைய பூச்சில் நிறமும் மெருகும் ஒரே அடுக்கில் இருந்தன. தேய்க்கும் துணியில் காரின் நிறமே ஒட்டி வரும். அதைக் கண்டு யாரும் அஞ்சவில்லை. கிளியர் கோட் உள்ள வண்டியில் துணியில் நிறம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மேலடுக்கு அவ்விடத்தில் முற்றிலும் தேய்ந்துவிட்டது என்று அறிந்து, உடனே நிறுத்த வேண்டும். பழைய ஜீப்பு, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் ஆகியவற்றை இன்னும் வைத்திருப்போர், தம் வண்டியின் பூச்சு எவ்வகை என்பதை மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

கீறல்கள் வட்டமாகத் தோன்றுவது ஏன்? வண்டியைத் துடைத்தவர் வட்டமாகத் துடைத்தார் என்பது பொதுவான விடை. அது முழு உண்மையன்று. மேற்பரப்பில் எல்லாத் திசைகளிலும் கீறல்கள் உள்ளன. விளக்கிலிருந்து வரும் ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்களே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை மறைந்து நிற்கின்றன. இதனால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் அமைந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். நெடுநாள் தேய்த்துத் துலக்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றும் ஒரு டார்ச்சு விளக்கும் போதும். விளக்கை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகர்வதை மாணவர்கள் காண்பார்கள். கீறல்கள் நகர மாட்டா அல்லவா?

கீறல்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதற்கு வடஇந்தியாவின் கோடைப் புழுதியே போதிய சான்று. புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. மோஸ் அளவையில் அதன் கடினம் 7. காலையில் உலர்ந்த துணியால் வண்டியைத் தட்டித் துடைக்கும் வழக்கம், மென்மையான உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமமே. டிரைவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்; ஆயினும் சொல்ல வேண்டியதுதான். முதலில் தாராளமாக நீர் விட்டுப் புழுதியைக் கழுவிய பின்பே துணி தொட வேண்டும்.

இனிப் பாலிஷுக்கு வருவோம். பாலிஷ் என்பது நுண்ணிய அரைபொடி, எண்ணெய் அல்லது நீர், வழுவழுப்பூட்டும் பொருள்கள் ஆகியவை சேர்ந்த குழம்பு. அரைபொடி பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. அதன் கடினம் 9. பொடியின் பருமனைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது. பெரிய துகள் உள்ள ‘காம்பவுண்டு’ ஆழமான கீறலை அறுத்து நீக்கும். ஆனால் தன் கீறல்களை விட்டுச் செல்லும். அவற்றை அடுத்த நடுத்தரப் பாலிஷ் நீக்கும். கடைசியாக, ஒரு மைக்ரான் அளவோ அதற்கும் குறைவாகவோ துகள் உள்ள பாலிஷ் விட்டுச் செல்லும் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை என்பதை நினைவிற் கொண்டால் இதன் காரணம் விளங்கும். கண்ணாடி மெருகைப் பற்றி 1704-ல் வெளியான தமது ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டனும் இதே கருத்தைக் கூறினார்: மெருகு என்பது கீறல்கள் இல்லாமை அன்று, அவை காண இயலாதபடி சிறுத்துவிட்ட நிலையே.

சில பாலிஷ்களில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறுக்கும். அவற்றைப் போதிய நேரம் தேய்க்காமல் துடைத்துவிட்டால் மங்கலே மிஞ்சும். வேறு சிலவற்றில் துகள் அளவு மாறுவதில்லை. தேய்க்கும் நேரம் கூடினால் அறுப்பும் கூடும். புட்டியின்மேல் அச்சிட்டுள்ள ‘கட்’, ‘ஃபினிஷ்’ போன்ற சொற்களுக்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அத்துடன், ஒரே பாலிஷ் கம்பளித் திண்டில் கடுமையாக அறுக்கும். மென்மையான நுரை ரப்பர் திண்டில் மெருகு மட்டும் தரும். எனவே பாலிஷை மட்டும் தனியே தேர்ந்தெடுப்பது பாதி வேலையே. ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் விரைவாக அறுக்கும். பழகாத கையில் அது உஷ்ணத்தை உண்டாக்கிப் பூச்சைக் கருக்கிவிடும். சுழற்சியும் அசைவும் சேர்ந்த இயந்திரம் மெதுவானது, பிழையும் குறைவு. வண்டியின் ஓரங்களிலும் முகடுகளிலும் பூச்சு மெல்லியதாக இருக்குமாதலால், அங்கே நாடா ஒட்டி மறைத்துவிடுவது தேர்ந்தவர்களின் வழக்கம்.

மற்றொரு வகைப் பாலிஷ் உண்டு. அது கீறலை நீக்குவதில்லை. எண்ணெயாலும் மெழுகாலும் நிரப்புகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையிலிருந்து திரும்பிய கறுப்பு நிறக் கார் ஒன்றைக் கண்டு நானும் வியந்தேன். நான்கைந்து முறை கழுவியதும் பழைய வட்டங்கள் அப்படியே திரும்பி வந்தன. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. ‘பளபளப்பாக்கித் தருகிறேன்’ என்று மட்டுமே அவர் சொன்னார். இதன் தத்துவத்தையும் வகுப்பில் காட்டலாம். சொரசொரப்பான மங்கல் கண்ணாடியின்மேல் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் அவ்விடம் தெளிந்து, பின்னால் உள்ள எழுத்துத் தெரியும். எண்ணெயும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு விலக்குவதே காரணம். எண்ணெயைச் சோப்பால் கழுவினால் மங்கல் மீண்டும் வரும். வண்டியைப் பெற்றுக்கொள்ளுமுன், நீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு சிறிய இடத்தைத் துடைத்து விளக்கொளியில் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

தேர்ந்தெடுக்கும் முறை கடினமானதன்று. வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்த பின், ஓரடிச் சதுரம் ஒன்றை நாடாவால் எல்லை கட்டவும். மிக மென்மையான பாலிஷையும் மென்மையான திண்டையும் கொண்டு அங்கே முதலில் தேய்த்துப் பார்க்கவும். போதவில்லையெனில் முதலில் திண்டையும், அதுவும் பயன்தராவிடில் பாலிஷையும் ஒரு படி கடுமையாக்கலாம். கடுமையானதில் தொடங்குவோர் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, பூச்சைத்தான் இழக்கிறார்கள். நகத்தால் தடவும்போது நகம் சிக்கும் கீறலைப் பாலிஷால் நீக்க முயலவே கூடாது. காட்டுப் பாதையில் முட்செடிகளினூடே செல்லும் ஜீப்புகளில் இத்தகைய கீறல்கள் சாதாரணம். எஃகு வெளியே தெரிந்தால் அவ்விடத்தில் சிறிது வர்ணம் தொட்டுவைத்துத் துருவைத் தடுப்பதே போதும். வெளி வேலைக்குச் செல்லும் வண்டிக்குக் கண்ணாடி மெருகு தேவையும் அன்று என்பது என் கருத்து.

மெருகேற்றிய பின் மெழுகு பூசலாம். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னபா மெழுகு 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலேதான் உருகும். வெயிலில் நின்ற தகட்டையும் பெரும்பாலும் தாங்கும். சிலிக்கோன் கலந்த பாலிஷை வர்ணம் அடிக்கும் கொட்டகையின் அருகே கொண்டுசெல்லக் கூடாது. அதன் சிறு துளி படிந்த இடத்தில் புதிய வர்ணம் ஒட்டாமல், மீன்கண் போன்ற குழிகள் உண்டாகும். அண்மைக் காலத்தில் வரும் ‘மாட்’ பூச்சுக் கார்களுக்கு மேற்கூறிய எதுவும் பொருந்தாது. அவற்றின் மேற்பரப்பு வேண்டுமென்றே நுண்ணிய சொரசொரப்புடன் செய்யப்பட்டது. ஓரிடத்தில் பாலிஷ் போட்டால் அவ்விடம் மட்டும் பளபளக்கும், அதை மங்கச் செய்ய அந்தத் தகடு முழுவதற்கும் மீண்டும் வர்ணம் அடிக்க வேண்டியிருக்கும்.