மதுவத்தின் கலச்சுவர்: பரம்பரையலகும் மருந்தெதிர்ப்பும் பற்றிய சில குறிப்புகள்

பரம்பரையலகு பற்றிய விவாதம் ஆய்வுகூடத்தின் எல்லைக்குள் மாத்திரம் நடைபெற்று வந்த ஒன்றன்று. மனிதனின் அறிவாற்றலும் வறுமையும் குற்றமும் பிறப்புடன் விதிக்கப்பட்டவையே எனக் கூறுவோர் பரம்பரையலகைத் தலைவிதியின் இடத்தில் அமர்த்துகின்றனர். இதற்கு எதிர்முனையில், 1948இல் சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோவின் கொள்கை அரச ஆதரவுடன் நிலைநாட்டப்பட்டபொழுது, மெண்டல் வழிவந்த பரம்பரையியல் முதலாளித்துவக் கற்பனையென ஒதுக்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1943இல், பயிர்களின் தோற்றம் பற்றிய பேராய்வுகளைச் செய்த வவிலோவ் சிறையில் இறந்துவிட்டார். மார்க்சியத்தின் பெயரால் நிகழ்ந்த இதனை மார்க்சியர் மறைப்பதற்கில்லை. இவ்விரு நிலைப்பாடுகளும் எவ்வளவு தூரம் உண்மையுடன் பொருந்துவன என்பதைச் சோதிப்பதற்கு, நோய் விளைவிக்கும் மதுவமொன்றின் கலச்சுவர் தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது.

கன்டிடா அல்பிகன்ஸ் என்னும் மதுவம் பாணைப் பொங்கச் செய்யும் மதுவத்துக்குத் தூரத்து உறவுடையது. ஆரோக்கியமான மனிதர் பலரின் வாயிலும் குடலிலும் அது தீங்கின்றி வாழ்கின்றது. புற்றுநோய்ச் சிகிச்சையினாலோ வேறு காரணங்களினாலோ உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்பொழுது அதுவே குருதியிற் புகுந்து உயிருக்கு ஆபத்து விளைவிக்கின்றது. இந்நோய்க்கு மருந்து தேடுவதில் அடிப்படையான ஓர் இடர்ப்பாடு உண்டு. பற்றீரியாவின் கலம் மனிதக் கலத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. பங்கசின் கலமோ மனிதக் கலத்தைப் போன்று கருவுடையது. அதன் உள்ளியக்கங்கள் பலவும் மனிதக் கலத்தின் இயக்கங்களை ஒத்தவை. எனவே பங்கசைக் கொல்லும் பொருள் நோயாளியையும் வருத்தக்கூடும். மனிதக் கலத்திற் காணப்படாததும் பங்கசுக்கு இன்றியமையாததுமான அமைப்பு கலச்சுவராகும். மருத்துவ ஆய்வு இச்சுவரின்மீது கவனங் குவித்தமைக்குக் காரணம் இதுவே.

சுவர் என்ற சொல் நம்மைத் திசைதிருப்பிவிடக் கூடாது. ஒருமுறை கட்டி முடிக்கப்பட்டு நிற்கும் மதிலன்று இது. அதன் உட்பகுதியில் குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளும், இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைற்றினும் வலைபோற் பின்னியுள்ளன. வெளிப்பகுதியில் மன்னோசு என்னும் சர்க்கரை பிணைந்த புரதங்கள் படர்ந்துள்ளன. கலம் அரும்பிப் பெருகும் ஒவ்வொரு தடவையும் இவ்வலை ஓரிடத்தில் அவிழ்க்கப்பட்டுப் பிறிதோரிடத்தில் நெய்யப்படுகின்றது. குளுக்கானை நெய்யும் நொதியத்தின் பிரதான பகுதியை எவ்.கே.எஸ்.1 எனப்படும் பரம்பரையலகு குறிக்கின்றது. கைற்றினை ஆக்கும் நொதியங்களுக்கு நான்கு பரம்பரையலகுகள் உள. சுவருக்கு ஊறு நேர்ந்ததும் அச்செய்தியைக் கருவுக்குக் கடத்தும் புரதங்களுக்கு வேறு பல உள. ஆகவே சுவர் எந்தவொரு தனிப் பரம்பரையலகினதும் படைப்பன்று.

இப்பரம்பரையலகுகளின் தொழில் எவ்வாறு அறியப்படுகின்றது? குறித்த ஒன்றை நீக்கிவிட்டு, அதனை இழந்த கலம் எவ்வாறு நடந்துகொள்கின்றது என அவதானிப்பதே பிரதான முறையாகும். கன்டிடா அல்பிகன்சில் ஒவ்வொரு பரம்பரையலகும் இரு பிரதிகளாக இருப்பதனால் இரண்டையும் நீக்க வேண்டியுள்ளது. அதன் முழுப் பரம்பரைத் தொகுதி 2004இல் வெளியிடப்பட்டமை இப்பணியை எளிதாக்கிற்று. நீக்கம் செய்யப்பட்ட கலங்கள், கைற்றினுடன் பிணையும் கல்கோபுளோர் வெள்ளை, கொங்கோச் சிவப்பு முதலான சாயங்கள் கலந்த ஊடகத்தில் வளர்க்கப்படுகின்றன. சாதாரண கலம் தாங்கிக்கொள்ளும் செறிவில் இவை வளரத் தவறுமாயின் சுவரிற் குறையுண்டு என்பது புலனாகும். இங்கு மனங்கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. இவ்வாறான கலங்கள் பல, போசணை நிறைந்த அமைதியான ஊடகத்தில் எவ்வித குறையுமின்றி வளர்கின்றன. நெருக்கடி நேரும்பொழுதே அவற்றின் இழப்பு வெளிப்படுகின்றது. பரம்பரையலகின் விளைவு சூழலுடனான உறவிலேயே தோன்றுகின்றது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2001இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கஸ்பொபங்கின், குளுக்கான் நெய்யும் நொதியத்தைத் தடுக்கும் மருந்து வகையில் முதலாவதாகும். வலை அறுந்த கலம் தன் உள்ளமுக்கத்தைத் தாங்கமாட்டாது வெடிக்கின்றது. இத்தாக்குதலை மதுவம் இருவேறு தளங்களில் எதிர்கொள்கின்றது. முதலாவது, சுவருக்கு நேர்ந்த ஊற்றினை உணர்ந்த கலம் கைற்றின் ஆக்கத்தைப் பெருக்கி, குளுக்கானின் குறையை ஈடுசெய்ய முனைவதாகும். கைற்றின் மிகுந்த கலங்கள் கஸ்பொபங்கினுக்குத் தப்பிப் பிழைப்பதை அபர்டீன் ஆய்வாளர்கள் 2008இல் எடுத்துக்காட்டினர். இங்கு பரம்பரையலகு மாறவில்லை. அதன் செயற்பாடே மாறியது. இரண்டாவது, எவ்.கே.எஸ்.1இல் ஏற்படும் விகாரமாகும். அது குறிக்கும் புரதத்தின் 645ஆவது இடத்திலுள்ள செரீன் என்னும் அமினோவமிலம் புரோலீனாக மாறினால் மருந்து நொதியத்தைத் தடுக்கும் ஆற்றல் வெகுவாகக் குன்றிவிடுகின்றது.

இவ்விரு தளங்களையும் பிரித்தறியாமையே லைசென்கோ வாதத்தின் தவறாகும். மருந்து மதுவத்துக்கு எதிர்ப்பினைக் கற்றுக்கொடுப்பதில்லை. விகாரம் தேவையை நோக்கி நிகழ்வதன்று. நிகழ்ந்தவற்றுள் பிழைக்கக்கூடியதை மருந்து தேர்கின்றது. ஆயினும் முதலாவது தளம் இரண்டாவதற்குத் தொடர்பற்றதன்று. கைற்றினால் உயிர்தப்பிய கலங்கள் மேலும் பெருகுவதால், விகாரம் தோன்றுவதற்கான வாய்ப்பு நீடிக்கின்றது. இதனை இயங்கியல் என்று பெயரிட்டு அமைந்துவிடுதல் எளிது. பொறிமுறையை எடுத்து விளக்குதலே விஞ்ஞானமாகும். மேலும், விகாரம் விலையின்றிக் கிட்டுவதன்று. எவ்.கே.எஸ்.1 விகாரமுற்ற மதுவத்தின் சுவர் தடித்திருப்பதையும், விலங்குகளில் நோய் விளைவிக்கும் அதன் வீரியம் குறைந்திருப்பதையும் 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. மருந்துள்ள சூழலில் வாய்ப்பாக அமைவது மருந்தில்லாச் சூழலிற் சுமையாகின்றது.

அவ்வாறாயின் மருந்துள்ள சூழலை உருவாக்குபவர் யார் என்ற வினா எழுகின்றது. இவ்வினா நம்மை ஆய்வுகூடத்துக்கு வெளியே இட்டுச்செல்கின்றது. 1950இல் நியூயோர்க் மாநிலத்தின் சுகாதார ஆய்வுகூடங்களிற் பணிபுரிந்த எலிசபெத் ஹேசன், றேச்சல் பிரவுண் ஆகிய இரு பெண்கள் நிஸ்ரற்றின் என்னும் பங்கசுகொல்லியைக் கண்டறிந்தனர். அதன் உரிமப் பணமாகக் கிடைத்த 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தாம் கொள்ளாது விஞ்ஞான ஆய்வுக்கே வழங்கினர். ஆனால் மருந்துற்பத்தியின் பொதுவிதி அதுவன்று. கஸ்பொபங்கின் வகை மருந்துகள் நாளத்தின் வழியே ஏற்றப்பட வேண்டியவை; அவற்றைச் செலுத்தவும் நோயாளியின் மதுவம் எம்மருந்துக்கு ஈடுகொடுக்கும் எனச் சோதிக்கவும் வைத்தியசாலை வசதி வேண்டும். வசதியற்ற இடத்தில் அனுமானத்தின் பேரில் மருந்து கொடுக்கப்படுகின்றது. பொருந்தாத மருந்து நோயாளியைக் குணப்படுத்தாது, எதிர்ப்புடைய மதுவத்தையே மிச்சம் விடுகின்றது. 2009இல் யப்பானில் கன்டிடா ஓரிஸ் என்ற பெயரில் முதன்முறையாக விவரிக்கப்பட்ட மதுவம் சில ஆண்டுகளிற் பல கண்டங்களின் வைத்தியசாலைகளிற் காணப்பட்டது. அதன் எவ்.கே.எஸ்.1இலும் மேற்கூறியதையொத்த விகாரங்கள் கண்டறியப்பட்டன. பிரதான மருந்து வகைகள் மூன்றுக்குமே பணியாதனவும் அவற்றுட் சில. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமை பெறவேண்டிய நோய்ப் பங்கசுகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது 2022இலேயே என்பது சிந்தனைக்குரியது.

இலக்கியத் திறனாய்வில், பொருளாதார அடித்தளத்திலிருந்து ஒரு படைப்பின் இயல்புகளையெல்லாம் நேரடியாகப் பெற்றுவிடலாமெனக் கருதிய பொறிமுறைவாதம் நாம் அறிந்ததே. பரம்பரையலகிலிருந்து உயிரியின் இயல்புகளையெல்லாம் நேரடியாகப் பெற முனைவதும் அத்தகையதே. அதற்காக அடித்தளமே இல்லையென மறுப்பது தீர்வாகாது. 645ஆவது இடத்திலுள்ள ஓர் அமினோவமிலம் ஒரு நோயாளியின் வாழ்வையும் சாவையும் வேறுபடுத்தக்கூடும். அதனை எக்கோட்பாட்டினாலும் அழித்துவிட முடியாது. ஆனால் அந்த மாற்றம் ஆட்கொல்லியாவதும் பயனற்றதொரு குறையாக மறைவதும், மருந்து எவ்வாறு ஆக்கப்படுகின்றது, எவருக்குக் கிட்டுகின்றது, எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பவற்றிலும் தங்கியுள்ளன. முன்னையதை அறிவது பரம்பரையியலின் பணி. பின்னையதை மாற்றுவது சமூகத்தின் பணி. ஒன்றைக் காட்டி மற்றையதைத் தட்டிக்கழிப்பதற்கு எவருக்கும் இடமில்லை.