களைத்த கால்களுக்கு இதமான நீர்

விடியற்காலையில் அடுப்படிக்குள் போனால், இரவு பாத்திரம் கழுவி முடியும்வரை நின்றபடியே வேலை செய்யும் சகோதரிகள் எத்தனை பேர்! படுக்கப் போகும்போது குதிக்கால் விண்விண்ணென்று வலிக்கும். இதற்குக் கடையில் விற்கும் வாசனை உப்பெல்லாம் தேவையில்லை.

அகலமான பேசினில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகே சுடுநீரைச் சேருங்கள். முழங்கையை விட்டுப் பாருங்கள்; இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று சுடக்கூடாது. நான்கு லீற்றர் நீருக்கு அரைக் கோப்பை உப்புப் போதும். உண்மையில் சுகம் தருவது இளஞ்சூடுதான், உப்பு துணைக்கு. 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தோல் வறண்டுவிடும். விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, குதியில் மட்டும் தேங்காயெண்ணெய் பூசுங்கள்.

ஆனால், நீரிழிவுள்ள உம்மாவுக்கோ மாமிக்கோ ஆசையோடு இதைச் செய்து கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள். நீண்ட நாள் சீனி வருத்தம் கால் நரம்புகளைப் பாதித்து உணர்வைக் குறைத்துவிடும். சூடு எவ்வளவென்று அவருக்கே தெரியாது. "இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துங்க மகள்" என்பார். மறுநாள் கொப்புளம். அது புண்ணாகி ஆறாமல் போனால் விரலை, சில வேளை காலையே எடுக்க நேரும். அவருக்கு ஊறவைத்தல் வேண்டவே வேண்டாம். இளஞ்சூட்டு நீரில் கழுவி, துடைத்து, உள்ளங்காலைத் தினமும் நீங்களே பாருங்கள். சிறு கீறலோ நிறமாற்றமோ தெரிந்தால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.