கைத்தொலைபேசியில் ஓர் ஓவிய ஆசிரியர்

“எந்நேரமும் கைத்தொலைபேசிதானா?” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாத வீடு இன்று தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. ஆனால் படம் வரைய ஆசைப்படும் பிள்ளைக்கு அதே கைத்தொலைபேசி செலவில்லாத ஆசிரியராகவும் இருக்கும். ஓவிய வகுப்புக்குப் பட்டணம் போய்வர வசதியில்லையே என்று ஏங்கும் பெற்றோர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் அருகில் இல்லாமல் படம் பழகத் தொடங்குவது புதிய செய்தியன்று. புகழ்பெற்ற டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ, 1880-ஆம் ஆண்டில், தமது 27-ஆவது வயதில்தான் ஓவியராவதென்று முடிவு செய்தார். அப்பொழுது அவர் வாழ்ந்தது பெல்ஜியத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஓர் ஏழைப் பகுதி. ஷார்ல் பார்க் என்பவர் தயாரித்த பயிற்சித் தாள்களை இரவல் பெற்று, முழுத் தொகுதியையும் திரும்பத் திரும்ப வரைந்து பழகினார். கூடவே, சுரங்கத்துக்குப் போய்வந்த தொழிலாளர்களையும் வரைந்தார்.

அன்று இரவல் கேட்டுப் பெற வேண்டியிருந்தது, இன்று வீடு தேடி வருகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகம் 2017-இல் 375,000-க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் திறந்துவிட்டது. ‘டிரா எ பாக்ஸ்’ என்ற ஆங்கில இணையத்தளம் நேர்க்கோடு, நீள்வட்டம், பெட்டி என்று படிப்படியாகக் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறது. தமிழில் சொல்லிக்கொடுப்பவர்களும் யூடியூப்பில் உண்டு.

வசதி பெருகிய இடத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டு மணி நேரம் வரைந்த படத்தைச் சில காணொளிகளில் ஒரே நிமிடத்தில் ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளை, “எனக்கு இது வராது” என்று பென்சிலைக் கீழே வைத்துவிடும். உண்மையில் வரைந்தவரும் மெதுவாகத்தான் வரைந்தார் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பத்துக் காணொளிகள் பார்த்தால் கண் நிறையும். ஒரே பாடத்தைப் பத்துத் தடவை வரைந்தால்தான் கை திருந்தும்.

ஆகவே வீட்டில் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் பாடம் பார்க்கட்டும். பிறகு கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் வரையட்டும். ஒரு 2பி பென்சிலும் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கமும் போதும்.

பாடத்தில் கண்டதை வீட்டுப் பொருளில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் மங்கோ தேநீர்க் கோப்பையோ எதுவானாலும் சரி. நேர் மேலிருந்து பார்த்தால் அதன் வாய் வட்டம். கண் மட்டத்துக்கு உயர்த்தினால் அதே வாய் ஒரு கோடு. சற்றே இறக்கினால் நீள்வட்டம். இதைப் பிள்ளை தானே கண்டுகொண்டால், வாளியும் பானையும் அதன் கைக்கு வசப்பட்டுவிடும்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் கார்ட்டூன் உருவங்களையே வரைகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் செம்பனைக் குலை தூக்கிய அப்பாவின் தோளும், உரம் போட்டுக் காய்த்துப்போன அம்மாவின் கையும் எந்தக் காணொளியிலும் கிடைக்காது. அவை நம் பிள்ளைகளின் கண்ணெதிரே இருக்கின்றன.

பெற்றோர்களே, இன்று மாலை வேலை விட்டு வந்ததும் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து கொடுங்கள். வரைந்த படம் உங்களைப் போல இல்லாவிட்டாலும் சிரித்துவிடாதீர்கள். தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் உட்கார்ந்து கொடுத்து, இரண்டு படங்களையும் பிள்ளையோடு சேர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.