பூஜ்யத்தில் பாதி

நவராத்திரியின்போது கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் போனால் ஒரே நேரத்தில் இரண்டு திருவிழாக்களைப் பார்க்கலாம். தெருவெல்லாம் துர்கா பூஜைப் பந்தல்கள். சந்தையைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ் வீடுகளுக்குள் கொலுப்படிகள். படிகளுக்குக் கீழே, தரையில், பிள்ளைகளின் ராஜ்யம்: ‘பார்க்’. தட்டில் மண் பரப்பி முளைக்கவிட்ட கேழ்வரகு வயல், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், அதைச் சுற்றிவரும் பொம்மை ரயில்.

2015இல் அங்கிருந்து நடக்கிற தூரத்தில், தேசப்பிரிய பூங்காவில், 88 அடித் துர்க்கை என்று விளம்பரம் செய்து ஒரு சிலையை நிறுத்தினார்கள். திரண்ட கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் பந்தலையே மூட வேண்டியதாயிற்று. அந்த 88 அடியை 87ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் அடி! கொலுப்படியில் ஏற்றிவைக்கும் பொம்மையின் உயரம்.

87 எங்கிருந்து வந்தது? அது மாதிரி ரயில்காரர்களின் எண். நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு என்பதே உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் அளவு. அதன் பெயர் இன்னும் வேடிக்கை: ‘ஹெச்-ஓ’, அதாவது பூஜ்யத்தில் பாதி. ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான்களில், நம் ஊர்ச் செப்புச் சாமான் மாதிரி, தொழில் தொடங்கியது. 1891இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை வைத்தது. தண்டவாளத் துண்டுகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆண்டுக்கு ஒரு புதுப்பொம்மை சேர்க்கும் கொலு வழக்கம்போலத்தான். பாதை அகலங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்தார்கள். பிறகு ஒன்றைவிடச் சிறியது வந்தது, அதற்கு 0. அதிலும் பாதி வந்தபோது எண் தீர்ந்துவிட்டது. கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ளாத ‘அரைப் பூஜ்யம்’ அப்படித்தான் பிறந்தது.

இந்த அளவில் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில்பெட்டி ஒன்று 24 சென்டிமீட்டர் சொச்சம். பள்ளிக்கூட அடிக்கோலைவிடச் சற்றுக் குட்டை. கைக்கு அடக்கம்தான் என்று நினைத்து 24 பெட்டிகளையும் எஞ்சினையும் கோத்தால் 20 அடி. பல அடுக்குமாடி வீடுகளின் கூடத்தில் அடங்காது. ஹௌராவிலிருந்து சென்னை வரையுள்ள 1,660 கிலோமீட்டர்ப் பாதையைச் சுருக்கினால் 19 கிலோமீட்டர். ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்து, உலகிலேயே பெரிய மாதிரி ரயில் என்று கின்னஸில் ஏறிய ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’ காட்சியகத்தின் மொத்தத் தண்டவாளமே 16 கிலோமீட்டர் அளவுதான். சுருக்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அங்கே போனாலும் சென்னைக்கு முன்பே பாதை தீர்ந்துவிடும்.

எனவே மாதிரி ரயில்காரரின் முதல் வித்தை, எதை விடுவது என்று தெரிந்திருப்பது. 24 பெட்டி ரயிலுக்குப் பதில் எட்டுப் பெட்டி. பத்து நடைமேடைக்குப் பதில் மூன்று. வளைவுகளும் அப்படியே. நம் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். 87ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர். முழு வட்டம் போட 13 அடி அகலக் கூடம் வேண்டும். பொம்மை ரயில் தொகுப்போடு வரும் வளைவோ அரை மீட்டர் ஆரம்கூட இராது. நிஜ உலகில் அது 40 மீட்டர். ராஜ்தானியை அதில் திருப்பச் சொன்னால் எந்த ஓட்டுநரும் இறங்கிப் போய்விடுவார்.

அகலத்திலும் இந்திய ரயிலுக்குச் சிக்கல் உண்டு. நம் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்கு 19.3. கடையில் கிடைக்கும் ‘அரைப் பூஜ்ய’த் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமான 1,435 மில்லிமீட்டர்ப் பாதைக்காகச் செய்தது அது. ஆகவே இந்திய எஞ்சினைச் செய்கிறவர், பெரியண்ணன் காலைத் தம்பியின் செருப்புக்குள் திணிப்பதுபோல, அதைக் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறுகலான பாதையில்தான் பெரும்பாலும் நிறுத்துகிறார்.

ஆனால் லேக் மார்க்கெட் வாசலை உரசிக்கொண்டு ராஷ்பிஹாரி அவென்யூவில் காலங்காலமாக ஓடிய டிராம்? அதன் பாதை 1,435 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 16.49! அதற்கு அந்தத் தண்டவாளம் அளவெடுத்துத் தைத்த சட்டை. தெருமுனையில் திரும்பிப் பழகிய வண்டி என்பதால் 40 மீட்டர் வளைவும் அதற்குப் பெரிதில்லை. 24 பெட்டி வேண்டாம். இரண்டு பெட்டியே முழு வண்டி. 1873இல் குதிரை இழுத்து, 1902இல் மின்சாரத்துக்கு மாறிய கொல்கத்தா டிராம், மேசைமேல் ஓடவே பிறந்தது போலிருக்கிறது.

நீளம் இப்படி வகுபடுகிறது. எடை வேறு கணக்குப் போடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால் எடை 87 × 87 × 87, ஆறரை லட்சம் மடங்கு குறைகிறது. 123 டன் எடையுள்ள டபிள்யூ.ஏ.பி.-7 மின் எஞ்சின் வெறும் 187 கிராமாகிவிடும்: ஒரு டம்ளர் காபியின் எடை. இவ்வளவு லேசான எஞ்சின் சரிவில் ஏறாது. சக்கரம் வழுக்கிச் சுழலும், தண்டவாளத்தோடு ஒட்டிப் பிடிக்காது. அதனால் உள்ளே உலோகக் கட்டிகளை ஒளித்துவைத்துக் கனம் ஏற்றுகிறார்கள். சில சக்கரங்களுக்கு மெல்லிய ரப்பர் வளையமும் மாட்டுகிறார்கள். நிஜம்போல இழுக்க வேண்டுமானால், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட அதிக எடை வேண்டும்!

வேகத்திலும் இதே கூத்து. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது மேசைமேல் நொடிக்கு 32 சென்டிமீட்டர். மெதுவாக நடைபயிலும் குழந்தையின் வேகம். பிள்ளைகளுக்குப் பொறுக்காது, வேகத் திருகை முழுதும் திருப்பிவிடுவார்கள். நிஜ ரயில் ஓட்டுநர் பிரேக் போட்டாலும் வண்டி நிற்க நெடுந்தூரம் ஆகும். மாதிரியோ லேசானது, மின்சாரம் நின்றதும் சட்டென்று நின்று, பார்ப்பவரின் மயக்கத்தைக் கலைத்துவிடும். இதற்காக மோட்டாரின் தண்டில் கனத்த பித்தளை உருளையைச் செருகுகிறார்கள். ஒருமுறை சுழன்றால் அது தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் சுழன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். இல்லாத எடையை இருப்பதுபோல நடிக்கவைக்கும் சின்னச் சக்கரம்!

தண்ணீர் சுத்தமாக வகுபடாது. நாலு மில்லிமீட்டர்த் துளி இந்த உலகில் 35 சென்டிமீட்டர்ப் பந்து. நிஜத் தண்ணீரை ஊற்றினால் ஆறு ஆறாகத் தெரியாது, தட்டில் சிந்திய தண்ணீராகத்தான் தெரியும். எனவே பலரும் ஊற்றி உறையவைக்கும் பிசினால் ஆறு செய்கிறார்கள். கொலுப் பார்க்கில் பாட்டி வைத்த கண்ணாடி இதே சிக்கலுக்கு அவர் கண்ட விடை. கேழ்வரகு முளையோ அழகாக வகுபடும்: நாலு சென்டிமீட்டர் முளை இங்கே பதினோரு அடி. ஒரு தட்டுக் கேழ்வரகு, விளைந்த கரும்புத் தோட்டம்.

இதையெல்லாம் வீட்டுக்குள் செய்வது ஒரு கலை. கழற்றி, வண்டியில் ஏற்றி, கண்காட்சி மண்டபத்தில் காலையில் மாட்டி, மாலைவரை ஓட்டி, இரவில் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னொரு கலை. லண்டனில் 1910இல் தொடங்கிய ‘மாடல் ரயில்வே கிளப்’ இன்றும் நடக்கிறது. இத்தகைய மன்றங்கள் கண்டுபிடித்த அற்புதமான ஏற்பாடு ‘மாட்யூல்’, அதாவது துண்டுப் பலகை. ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டில் ஒரு பலகையில் தமக்குப் பிடித்த உலகத்தைக் கட்டலாம்: ஒருவருக்கு மலை, ஒருவருக்குத் துறைமுகம், ஒருவருக்குச் சந்தை. ஒரே நிபந்தனை, பலகையின் இரு ஓரங்களிலும் தண்டவாளங்கள் விதித்த இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் சுதந்திரம், ஓரத்தில் சட்டம். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இன்னும் சிறிய 1:160 அளவுக்கு உருவான ‘என்-டிராக்’ விதிப்படி, நாலடிப் பலகையின் முன்னோரமாக மூன்று பாதைகள் ஓட வேண்டும். இந்த விதியைப் பின்பற்றினால், ஒருவரையொருவர் பார்த்தேயிராத இருவரின் பலகைகள் மண்டபத்தில் முதல் முறையாகச் சந்தித்து, ஒன்றின் ரயிலை மற்றொன்று வாங்கிக்கொள்ளும்.

வாங்கிக்கொள்வது சுலபமில்லை. இரு பலகைகள் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரயிலுக்கோ அது நாலு சென்டிமீட்டர்ப் படிக்கட்டு. அதனால் கதவு நாதாங்கிபோலப் பித்தளை முளையும் குழியும் பதித்து, ஒவ்வொரு முறையும் பலகைகள் அதே இடத்தில் போய் உட்காரும்படி செய்கிறார்கள். கொல்கத்தா மாதிரி ஈரக்காற்று ஊரில் மரம் வேறு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். ரயில் தடம்புரள எதிரி வெளியிலிருந்து வர வேண்டாம், ஆவணி மாதமே போதும்.

மண்டபத்தில் ரயில் ஒரு குகைக்குள் போய் மறைகிறது. சற்று நேரத்தில் வேறொரு ரயில் வெளியே வருகிறது. அந்த மலைக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் ‘மறைவு யார்டு’. பத்துப் பன்னிரண்டு இணைப் பாதைகளில் வண்டிகள் வரிசையாகக் காத்திருக்க, மன்றத்துக்காரர்கள் ஒன்றை உள்ளே வாங்கி இன்னொன்றை வெளியே விடுகிறார்கள். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் அனுமாரை வைத்துவிட்டு ராவணனை எடுப்பதுபோலத்தான். பார்ப்பவர்களுக்கு அந்தக் குகைக்கு அப்பால் ஒரு தேசமே இருக்கிறது.

ஒரே பாதையில் நாலு எஞ்சின்கள் நின்றால், ஒன்று மட்டும் நகர்வது எப்படி? ராஷ்பிஹாரி டிராமுக்கு மேலே கம்பியிலிருந்து 550 வோல்ட் வந்தது. மாதிரிக்கோ கீழே, இரு தண்டவாளங்களிலிருந்து சுமார் 12 வோல்ட். பழைய முறையில் தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்தால் அதன்மேல் நிற்கும் அத்தனை எஞ்சினும் ஓடும். 1990களில் தரப்படுத்திய ‘டி.சி.சி.’ முறை இதை மாற்றியது. மின்சாரம் எப்போதும் முழு அளவில் பாய்கிறது. ஆனால் அதன் திசை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறுகிறது. ஒரு திசையில் 58 மைக்ரோ நொடி நின்று மாறினால் ‘1’ என்று பொருள். ஏறத்தாழ 100 மைக்ரோ நொடி நின்றால் ‘0’. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக, எஞ்சினை ஓட்டும் மின்சாரமே கடிதமும் சுமக்கிறது. கல்யாணப் பந்தியில் ‘மூணாவது இலைக்கு ரசம்!’ என்ற குரல் எல்லாருக்கும் கேட்கும், ரசம் மூன்றாவது இலைக்குத்தான் வரும். அதேபோல எஞ்சினுக்குள் இருக்கும் ‘டிகோடர்’ என்ற நகக்கண் அளவுக் குறிவிலக்கி, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விளக்கு, ஊதல், மெதுவாக வேகம் கூட்டுதல் எல்லாம் அந்த இரண்டு தண்டவாளம் வழியேதான்.

ரயில் பொம்மைக்கும் கணினிக்கும் உறவு இதைவிடப் பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946இல் தொடங்கிய மாணவர் மாதிரி ரயில் மன்றத்தில், பலகைக்கு மேலே மலையும் மரமும் செய்தவர்கள் ஒரு குழு. கீழே படுத்துக்கொண்டு தொலைபேசி நிலையத்து ரிலேக்களால், அதாவது மின்காந்தத் தானியங்கி ஸ்விட்சுகளால், எந்த ரயிலுக்கு எந்தப் பாதை என்று தீர்மானித்தவர்கள் இன்னொரு குழு. சாமர்த்தியமான வேலைக்கு ‘ஹேக்’ என்ற சொல்லை அவர்கள் தங்களுக்குள் புழங்கினார்கள். அந்தப் பலகைக்கு அடியிலிருந்து எழுந்துபோனவர்களில் சிலர் கல்லூரியின் ஆரம்பகாலக் கணினிகளின் முன் உட்கார்ந்தார்கள். ‘ஹேக்கர்’ என்ற சொல்லுக்கு ரயில் புகை வாசனை உண்டு.

நம் நாட்டில் இந்த உலகத்தைப் பார்க்க விரும்பினால் புனேயின் கோத்ரூட் பகுதிக்குப் போகலாம். பாவுசாகேப் ஜோஷி என்ற ஆர்வலர் உருவாக்கிய சிற்றளவு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. அது நிலையாக ஓரிடத்தில் நிற்பது. மன்றங்கள் கண்காட்சிக்குக் கொண்டுவரும் பலகைகளுக்கோ இரண்டு மூன்று நாள்தான் ஆயுள். கடைசி நாள் மாலை ஆணிகளைக் கழற்றி, மலையையும் சந்தையையும் முகத்துக்கு முகம் கவிழ்த்து, வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

லேக் மார்க்கெட்டுக்கு இது புதிதில்லை. தசமியன்று பந்தல் துர்க்கை லாரியில் கங்கைக்கரைக்குப் போகிறாள். அதே இரவு, வீடுகளில் கொலுப்படியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துப் படுக்கவைக்கிறார்கள். மறுநாள் மற்றவை பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போகும். கீழே பார்க்கில் கேழ்வரகு சாயத் தொடங்கியிருக்கும். பேரனின் கையில் கடைசியாக மிஞ்சுவது அந்தச் சின்ன ரயில். அடுத்த வருஷத்துக்கு அவனுக்கு ஒரு யோசனை சொல்லலாம்: ரயில் வேண்டாம், டிராம் வாங்கு. அதற்குத்தான் பாதை சரியாக இருக்கும்.