எம்.பி.ஏ., பட்டம் மட்டும் போதுமா?

'பிள்ளை எம்.பி.ஏ., படிச்சிருக்கான்' என்று சொல்லும்போதே பெற்றோருக்கு ஒரு பெருமை. தப்பில்லை. ஆனால், கம்பெனி வாழ்க்கைக்கு அந்தப் படிப்பு அவனைத் தயார் செய்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை.

என் அக்கா மகன், கோவையில் இரண்டு வருடம் எம்.பி.ஏ., படித்தான், பாங்கில் கல்விக் கடன் வாங்கித்தான். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும், வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு பிஸ்கட் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்தது. நாலே மாதத்தில், 'வேலையை விடப் போறேன் சித்தி' என்று வந்து நின்றான்.

கல்லூரியில் குளுகுளு அறையில் உட்கார்ந்து, பெரிய பெரிய கம்பெனிகளின் பிரச்னைகளை அலசுவார்களாம். இங்கேயோ, உச்சி வெயிலில் கடை கடையாக ஏற வேண்டும். 'போன மாசம் போட்ட சரக்கே தேங்கிக் கிடக்கு, வேற வேலை இருந்தா பாரு தம்பி' என்கிறார் கடைக்காரர். 20 வருட அனுபவமுள்ள சேல்ஸ்மேன், 24 வயசுப் பையன் சொன்னால் கேட்பாரா? மாதக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்றால், மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டுகிறார். 'இதெல்லாம் எந்தப் பாடத்துல சித்தி இருந்துச்சு?' என்று கேட்டான்.

'கோபத்துல விட்டுடாதே. அந்த சேல்ஸ்மேனையே அண்ணே என்று கூப்பிட்டு, தொழிலைக் கத்துக்கோ' என்றேன். அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே விஷயம்... 'கடைக்குள்ள போனதும் ஆர்டர் கேட்காதே. உடைஞ்ச பாக்கெட்டை முதல்ல திருப்பி எடுத்துக்கோ!' இப்போது கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுகிறார்களாம்.

படிப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கடையில் எது ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க அவனுக்குத் தெரிகிறதே, அது படிப்பு கொடுத்ததுதான். மனுஷர்களோடு பழகும் பயிற்சிதான் குறைவு. டாக்டருக்குப் படிப்பவர்கள் ஓராண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கவில்லையா? எம்.பி.ஏ.,வில் பெரும்பாலும் கோடை விடுமுறையில் இரண்டு மாதம்தான்.

குஜராத்தில் உள்ள ஆனந்த் நகரில், 'அமுல்' புகழ் குரியன் 1979ல் துவக்கிய ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில், மாணவர்கள் கிராமத்தில் தங்கி, மக்களோடு பழகுவதும் படிப்பில் ஒரு பகுதி. மற்ற கல்லூரிகளும், மாணவர்களை ஆறு மாதமாவது கடைவீதிக்கும், தொழிற்சாலைக்கும் அனுப்பினால் என்ன?

சகோதரிகளே, நம் பங்கும் இருக்கிறது. 'படிக்கிற பிள்ளை' என்று பொத்திப் பொத்தி வளர்க்காமல், ரேஷன் கடை, பாங்க், மின்வாரிய ஆபீஸ் என்று பிள்ளைகளை அனுப்புங்கள். வரிசையில் நிற்கவும், நாலு பேரிடம் பேசி காரியத்தை முடிக்கவும் அங்கேதான் பழகுவார்கள். பீஸ் கட்டாமல் கிடைக்கிற படிப்பாச்சே இது!

– ஒரு வாசகி, திருப்பூர்.