ஒரகடம் நேரம் – 11: ஓ.டி.க்கு அப்பால்

சம்பளம் போக மேல்வருமானத்துக்கு என்ன வழி என்று ஒரகடம் ஜங்ஷனில் யாரை நிறுத்திக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ஓ.டி., அதாவது ஓவர்டைம்தான். அதில் தப்பும் இல்லை. மாதம் 16,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 77 ரூபாய். ஓ.டி. என்றால் அது இரட்டிப்பாகி 154. ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றால் முந்நூறு ரூபாய்க்கு மேல். முதல் போட வேண்டாம், யாரிடமும் போய்ப் பல்லைக் காட்ட வேண்டாம். வெளியே எந்தச் சில்லறை வேலையும் இந்த விலைக்குப் படியாது.

ஆனால் பே ஸ்லிப்பை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். பேசிக்கை மட்டும் எடுத்து இரட்டிப்பாக்கிக் கணக்கை முடிப்பது பல இடங்களில் நடக்கிற வழக்கம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஓ.டி. கணக்குக்குப் படிகளும் சேர்ந்தன, போனஸ்தான் சேரவில்லை. 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் இரட்டைச் சம்பளம் அப்படியே இருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கொள்ளப்படும்.

எவ்வளவு ஓ.டி. பார்க்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பழைய சட்டம் மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்றது. விலக்கு வாங்கிய இடங்களில் 75. புதிய தொகுப்பு அந்த எல்லையை அரசின் விதிகளுக்கு விட்டிருக்கிறது. 50 மணி என்றே வைத்தாலும், நம் 16,000 ரூபாய்க்காரருக்கு மாதம் 2,500 சொச்சம். ஒரு பைக் இ.எம்.ஐ.க்குச் சரியாகப் போகும். அந்தக் காசுக்கு பி.எஃப். கிடையாது. கிராஜுவிட்டிக் கணக்கிலும் வராது. அதைவிடப் பெரிய சிக்கல், ஓ.டி. நம் கையில் இல்லை. ஆர்டர் குறைந்தால் ஓ.டி. நின்றுவிடும், இ.எம்.ஐ. நிற்காது. "இந்த மாசம் ஓ.டி. இல்லண்ணே" என்று ஒருவர் சொன்னால், அவர் யாரிடமோ கைமாற்றுக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

(12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? எட்டு மணி நேரம் என்ற கோட்டை நகர்த்தினால் ஓ.டி. எங்கே தொடங்கும் என்ற பயமும் அந்த எதிர்ப்பில் இருந்தது.)

சரி, வெளியே ஒரு வேலை பார்க்கலாமே? இன்னொரு ஃபேக்டரிக்கு அன்றைக்கே போக முடியாது. பழைய சட்டத்தின் 60-ஆவது பிரிவு அதைத் தடுத்தது. புதியது 12 மணி நேர இடைவெளி கேட்கிறது. மற்ற வேலைகள்? டியூஷன் எடு, கடையில் கணக்கு எழுது, தையல் போடு என்று எழுதப்படும் யோசனைகள் எல்லாம், தினமும் மாலை என்று ஒன்று வரும் ஆளுக்கானவை. இங்கே ஒரு வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி, அதற்கடுத்து சி. ஏ வாரத்தில் மாலை ஆறு மணி உங்களுடையது. பி வாரத்தில் அது கம்பெனியுடையது. சி வாரத்தில் தூக்கத்துடையது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் வாத்தியாரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவருக்கு மிச்சமிருக்கும் நேரத்தையும் பஸ் தின்றுவிடுகிறது.

உணவு டெலிவரியும் பைக் டாக்ஸியும் இளைஞர்களிடம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். நேற்று ஏன் வரவில்லை என்று ஆப் கேட்பதில்லை. பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் கழித்துப் பார்த்தால் மணிக்கு என்ன தேறுகிறது என்பது வேறு விஷயம். சி ஷிப்ட் முடித்த கண்ணோடு வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுவதை என்னால் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

ஊரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் இருக்கிறவர்களின் கதை வேறு. அறுப்புக் காலத்தில் லீவுக்கு ஆயிரம் காரணம் கண்டுபிடிக்கிறவர்கள் இவர்கள். வீட்டில் ஒரு கறவை மாடு, நாலு ஆடு, அப்பா பார்த்துக்கொள்ளும் நிலம். இந்தக் குடும்பங்களில் கம்பெனி வேலைதான் மேல்வருமானம்; நிலம்தான் அடிப்படை என்று பெரியவர்கள் இன்னும் நம்புகிறார்கள். கணக்குப் பார்த்தால் தலைகீழாகத்தான் வரும். ஆனாலும் கம்பெனி கதவைச் சாத்தினால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தத் தொழில் வட்டாரத்தில் உண்மையிலேயே மேல்வருமானம் பார்க்கிறவர்கள் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அல்ல. ரூம் வைத்திருக்கிறவர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு கேட் திறந்தபோதும் சுற்றியிருந்த மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம், படப்பை எங்கும் லைன் வீடுகள் முளைத்தன. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்கு நிலம் கொடுத்து வந்த இழப்பீட்டில் மண்ணைத் தொடாமல் கல்லைத் தொட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பத்துக்குப் பத்து அறை, நாலைந்து பேர், தலைக்கு இவ்வளவு வாடகை. அதற்குள்ளும் ஒரு உபரி வருமானம் உண்டு. வீட்டு மின்இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். குடியிருப்பவரிடமோ முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, பத்து என்று வசூல். சப் மீட்டர் மாட்டிய சுவரைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

தொழிலாளியைத் தங்க வைப்பதில் காசு இருக்கிறது என்று தெரிந்ததும் எண்ணிக்கை ஏறியது, வசதி ஏறவில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் உணவு நஞ்சாகி, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்பதெல்லாம் அதன் பிறகுதான் வெளியே பேசப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். சிப்காட் கட்டியது.

நிலமும் இல்லை, நேரமும் இல்லை என்றால் விற்பதற்கு மிஞ்சுவது என்ன? பழக்கம். லைனில் பக்கத்து ஸ்டேஷனில் நிற்கிறவர், ரூம்மேட், கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிறவர், இவர்களின் நம்பிக்கை. அதை நல்லபடியாக விற்கிறவர்கள் உண்டு: ஆரணிப் பட்டுப்புடவை, ஈரோட்டு நைட்டி, மாதத் தவணை, சம்பள நாளில் வசூல். ஹாஸ்டலில் ஒரு பெண் இப்படி இருபது பேருக்குப் புடவை கொடுத்து வாங்கினால் அது கௌரவமான வியாபாரம். முதல் முடங்கும், ஒருத்தி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டால் பாக்கி போகும், அவ்வளவுதான் ஆபத்து.

அதே பழக்கத்தை வேறு விதமாக வாங்க வருகிறவர்கள்தான் பயங்கரமானவர்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரம் 2022 மே மாதம் வெடித்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. அதே காலத்தில் வேலூரை மையமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவனமும் சிக்கியது. இரண்டும் வட மாவட்டங்களை, அதாவது இந்தக் கம்பெனி பஸ்கள் போய்வரும் ஊர்களைத்தான் சல்லடை போட்டன. மாதம் 25 சதவீதம் என்றால் நாலு மாதத்தில் முதல் திரும்ப வந்துவிட வேண்டும். எந்தத் தொழிலில் அப்படி வருகிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்காததற்கு முட்டாள்தனம் காரணம் இல்லை. பணம் கேட்டு வந்தவர் மச்சானாகவோ, கூட வேலை பார்க்கும் அண்ணனாகவோ இருந்தார். அவருக்கு முதல் மூன்று மாதம் வட்டி ஒழுங்காக வந்திருந்தது. ஆள் சேர்த்தால் கமிஷனும் வந்தது. அந்தக் கமிஷன்தான் அவருடைய சைடு வருமானம்.

போட்ட பணத்தை மீட்க 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்ததன் விளைவு அது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுத் தருவார்கள், ஆண்டுகள் ஆகும். கமிஷனுக்கு ஆள் சேர்த்த ஏஜென்ட் ஊர்த் திருவிழாவுக்குப் போக முடியாமல் தவிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் நிவாரணம் இல்லை.

மொத்தமாகப் பணம் கைக்கு வரும் நாளில்தான் இந்த ஏஜென்ட்டுகள் சரியாக வாசலில் நிற்பார்கள். 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு வாங்கினார்கள்; நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பெரும்பாலோர் பெண்கள், இருபதுகளில் இருந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் செல்போன் செய்த கைகள்தானே, அந்தப் பணத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தால் என்ன என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். லைனில் நிற்பவர் செல்போன் செய்வதில்லை. ஒரு ஸ்டேஷனில் ஒரு வேலையை, சில நொடிகளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை செய்கிறார். அந்தத் திறமைக்கு அந்த லைனுக்கு வெளியே விலை கிடையாது.

அதே கூரையின் கீழே மெயின்டெனன்ஸில் இருப்பவருக்கு அப்படி இல்லை. ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. பார்க்கிறவர், இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊரில் வேலை காத்திருக்கிறது. வீட்டு ஒயரிங், மோட்டார் காயில், கிரில் வெல்டிங். "தம்பி ஏ ஷிப்ட் வரட்டும், அப்ப பார்த்துக்கலாம்" என்று வீட்டுக்காரரே தள்ளிப்போடுவார். சுழற்சி ஷிப்டுக்குப் பொருந்தும் மேல்வருமானம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எந்த வேலையில் வாடிக்கையாளர் நமக்காகக் காத்திருப்பாரோ அது. டிஃபன் கடைக்கு வருகிறவர் காத்திருக்க மாட்டார். பழுதான மோட்டாருக்குச் சொந்தக்காரர் காத்திருப்பார்.

லைனில் நிற்கிறவர் அந்தப் பக்கம் தாண்ட வழி குறுகலானதுதான், ஆனால் அடைபட்டதில்லை. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒயரிங் வேலையில் ஐந்து ஆண்டு செய்முறை அனுபவம் கேட்பார்கள். அந்த ஐந்து ஆண்டை ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடனாவது ஹெல்ப்பராகப் போய்த்தான் சேர்க்க வேண்டும். அறிவிப்பு வரும்போது அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விண்ணப்பம் பற்றிக் கேட்கலாம். அனுபவச் சான்றிதழை யாரிடம் வாங்குவது என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு அதையும் கேட்பார்கள்.

(அடுத்த வாரம்: ஹாஸ்டல் சீட்டு)