வில்லும் எண்ணெயும்

மோட்டார்ச் சைக்கிளின் சில்லுகளுக்கு மேலே சுருள்வில் அமைந்திருப்பதை நேயர்கள் அறிவர். பாரத்தைத் தாங்குவதும் மேட்டில் மோதும் அடியை வாங்கிக்கொள்வதும் அதன் தொழில்கள். ஆனால், வாங்கியதை வில் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டுமே உள்ள வண்டி ஒரு பள்ளத்தைக் கடந்த பின்னரும் பந்துபோலத் துள்ளிச் செல்லும். வளைவிலே சில்லு நிலத்தை விட்டு எழும் கணத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருக்க எதுவுமில்லை, பிறேக்கும் பயன்படாது. ஆகவே, இது சௌகரியம் பற்றிய விடயம் மட்டுமன்று.

இத்துள்ளலை அடக்குவதையே தணித்தல் என்கிறோம். முற்காலத்து வண்டிகளில் முன் கவட்டின் மூட்டுகளில் உராய்வுத் தட்டுகளை வைத்துக் குமிழால் இறுக்கினர். உராய்வோ அசையத் தொடங்கும்போதே மிகுதியாகத் தடுப்பது. சிறு மேடுகளுக்கு வில் அசையவே மறுத்தது. 1935ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை தனது ஆர் 12 வண்டியில், ஒன்றினுள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆகி, எண்ணெயால் தணிக்கப்படும் முன் கவட்டை அமைத்தது.

எண்ணெய் என்ன செய்கிறது? நீர் நிறைத்த பீச்சாங்குழலை மெல்ல அழுத்தினால் நீர் எளிதாக வெளியேறும். விரைந்து அழுத்தினாற் கை வலிக்கும். கராஜ்களில் ‘ஷொக் அப்சோபர்’ என வழங்கும் கருவியினுள்ளும் இதுவே நிகழ்கிறது. ஆடுதண்டின் துளைகளூடாக எண்ணெய் நெருக்கிச் செல்ல, துள்ளலின் சக்தி வெப்பமாக மாறுகிறது. வெறுந்துளையாயின் வேகம் இரட்டிக்கும்போது தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனாலேயே நல்ல கருவிகளில், வளைந்து வழிவிடும் மெல்லிய உருக்குத் தகடுகளால் துளைகளை மூடுகின்றனர்.

வில் அமுங்கும்போது ஒரு தடையும், மீளும்போது வேறொரு தடையும் வேண்டும். பெரும்பாலும் மீளலுக்கே கூடுதலான தடை வைப்பர். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மீளலின் தடை மிகுந்தால், அடுத்த மேடு வருமுன் சில்லு கீழிறங்கி முடிவதில்லை. அடுக்கடுக்கான மேடுகளில் வண்டி சிறிது சிறிதாகத் தாழ்ந்து, ஈற்றில் அடி முழுவதும் முதுகுக்கு வரும். ஓட்டுபவரோ வில் கடினமென்று அதைப் பழிப்பார். மீளல் திருகாணியைத் தளர்த்துவதே அதற்குப் பரிகாரம்.

சரிசெய்ய முற்படுவோர் முதலில் வில்லின் முன்னிறுக்கத்தைப் பார்க்கவேண்டும். ஓட்டுபவர் அமர்ந்ததும் வீதி வண்டி பொதுவாக 30 முதல் 40 மில்லிமீற்றர் வரை தாழ்வது தகும். முன்னிறுக்கம் வண்டியை உயர்த்துமேயன்றி வில்லைக் கடினமாக்காது. பின்னர், மீளல் திருகாணியை மெதுவாக வலஞ்சுழியாக முடியும்வரை திருகி, ‘டிக்’ என்னும் ஓசைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, கைந்நூல் கூறும் நிலைக்குத் திரும்புக. ஆசனத்தை அமுக்கி விடுக. எழுந்து உடனே அடங்கினால் நன்று. மேலும் ஆடினால் தடை போதாது. ஊர்ந்து எழுந்தால் தடை மிகை. அதன்பின் ஒரே வீதியில் ஓட்டிப் பார்த்து, ஒருமுறைக்கு ஓரிரு ‘டிக்’ மட்டுமே மாற்றுக. இரண்டு திருகாணிகளை ஒருங்கே மாற்றினால் எது பலன் தந்ததென அறிய இயலாது.

சிறிய வண்டிகள் பலவற்றில் இத்திருகாணிகள் இல்லை. அங்கே முன் கவட்டின் பழைய எண்ணெயை மாற்றுவதே முதல் வேலை. சற்றுத் தடித்த எண்ணெய் ஊற்றினாலும் தடை கூடும். ஆனால், அது அமுக்கம், மீளல் இரண்டிலுமே கூடும்.